முப்பத்தெட்டு ஓட்டு

போன தேர்தலன்று காலை ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றுவிட்டேன். ஜனநாயகத்தின் மேல் அவ்வளவு பற்று என்று நினைத்துவிடாதீர்கள், வயதானால் தூக்கம் குறைந்துவிடுகிறது. உள்ளே ஒரு அதிகாரி மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி, வாக்குப்பெட்டியில் கட்டிய நூல் முடிச்சின் மேல் சொட்டவிட்டுக்கொண்டிருந்தார். அரக்கு கருகுகிற வாசனை உங்களுக்குத் தபாலாபீசை நினைவுபடுத்தலாம். எனக்கு அது என் தாய்மாமன் வைத்தியலிங்கத்தின் வாசனை. "மறைப்புக்குள்ள போயி குத்துங்க பெரியவரே, யாரும் பாக்க மாட்டாங்க" என்றார் அதிகாரி. யாரும் பார்க்காத இடத்தில் ஓட்டுப் போட்டு நான் பட்டது அவருக்கு எப்படித் தெரியும்?

அது பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலம். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். பாகூருக்கும் நெட்டப்பாக்கத்துக்கும் நடுவே நெல்லும் கரும்பும் விளைகிற ஏதோ ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னமும் எனக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறார்கள்.

நான் எல்லை தாண்டி, பிரிட்டிஷ் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். கணக்கு வரவில்லை, விஞ்ஞானத்துக்கு என்னைப் பிடிக்கவில்லை, கடைசியில் மிஞ்சியது அரசியல் சாஸ்திரம். அப்பாவிடம் சொன்னபோது அவர் ஏர்க்கலப்பைக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதுக்கு இன்னாத்துக்குடா காலேஜு? உன் மாமன் வூட்டுல போயி நாலு நாளு குந்திகினு இரு, எல்லாம் தெரிஞ்சிபூடும்."

வகுப்பில் நாற்பது பேர். பிரெஞ்சுப் பிரஜை நான் ஒருவன்தான். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் பக்கத்தில் சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது இருந்தால்தான் ஓட்டு. எங்கள் பக்கத்தில் இருபத்தொரு வயது நிறைந்த ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் உண்டு. பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புகளில் இரண்டிரண்டு வருஷம் தங்கிப் படித்த புண்ணியத்தால் எனக்கு இருபத்தொன்று முடிந்திருந்தது. எங்கள் ப்ரொபசர், தலைப்பாகையும் மூடின கோட்டுமாக வருபவர், ஒருநாள் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "இவரைப் பாருங்கள். இவர் ஒரு வாக்காளர்" என்றார். மற்ற முப்பத்தொன்பது பேரும் திரும்பி என்னை அண்ணாந்து பார்த்தார்கள். ஃபெயிலானவனை ஒருவரும் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை.

அந்த மயக்கத்தில் அளந்துவிட்டேன். எங்கள் ஊரில் தேர்தல் என்றால் எப்படித் தெரியுமா? வாக்காளன் கையில் இரண்டு வேட்பாளர் சீட்டும் ஒரு உறையும் கொடுப்பார்கள், மறைப்புக்குள் போய்த் தனியாக யோசித்து ஒன்றை உறையில் வைப்பான், சாயங்காலம் எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறப்பார்கள். எல்லாம் பாடப்புத்தகத்தின் நாலாவது அத்தியாயம். ப்ரொபசர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த மாதம் உங்கள் ஊரில் தேர்தல் என்றீரே, நான் வந்து பார்க்கலாமா?" என்றார். வண்டிப்பாதை சரியில்லை சார் என்று தட்டிக்கழிக்கப் பார்த்தேன்.

ஏன் என்று தெரிய வேண்டுமானால் மாமாவைத் தெரிய வேண்டும். கொம்யூன் சபையில், உங்கள் பக்கத்துப் பஞ்சாயத்து மாதிரி, எங்கள் ஊர் மெம்பர் அவர்தான், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை தேர்தல் என்றால் சனிக்கிழமை சாயங்காலமே அவர் வீட்டுக் கூடத்தில் பெட்டி நிறைந்துவிடும். நிறைந்த பிறகு அரக்கு உருக்கி சீல் வைப்பார். அதில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. நாலு மூலையிலும் சமமாக, வழியாமல், பொட்டு வைத்ததுபோல இருக்கும். மறுநாள் ஊர்க்காரர்கள் பாட்டுக்கு நாற்று நடப் போய்விடுவார்கள்.

அதை அவர் தப்பாக நினைத்ததே இல்லை. "எப்பிடியும் எனக்குத்தான போடப் போறாங்க? வேலய வுட்டுட்டு வெயில்ல எதுக்கு நடக்கணும்? அந்த நடய நான் மிச்சம் பண்ணிக் குடுக்கறேன்" என்பார். அவர் சொன்னதில் பொய் இல்லை. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவர் வண்டிதான் போகும், எந்த வீட்டுச் சண்டைக்கும் அவர்தான் போய் நடுவில் உட்காருவார்.

தேர்தல் என்றால் எதிரில் ஒருவர் நிற்க வேண்டுமே. அதற்குத் தாண்டவராயன் இருந்தார். கரும்பாலை வைத்து வெல்லம் காய்ச்சுகிறவர், மாமாவின் சீட்டாட்டக் கூட்டாளி. ஒவ்வொரு தேர்தலிலும் நிற்பார், ஒவ்வொரு தேர்தலிலும் பதினோரு ஓட்டு வாங்கித் தோற்பார். பதினொன்று என்பது மாமா மரியாதைக்கு வைத்த எண்ணிக்கை. தோற்ற அன்று சாயங்காலம் சூடான வெல்லப்பாகை வாழையிலைத் துண்டில் ஏந்திக்கொண்டு வருவார், இருவரும் சீட்டாட உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு அரசியல் சாஸ்திரத்தில் இன்றுவரை இனிப்பாக நினைவிருக்கும் ஒரே பகுதி அந்தப் பாகுதான்.

இந்த மாமாவிடம் போய், ஒரே ஒரு தடவை நிஜமாகத் தேர்தல் வையுங்கள் என்று நான் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது பேர் முன்னால் நான் புளுகன், பரீட்சைத்தாள் திருத்தப் போகிறவரும் அதே ப்ரொபசர். அழாத குறையாகச் சொன்னேன். மாமா முதலில் சிரித்தார். பிறகு மீசையைத் தடவினார். அப்புறம் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நெசமா வச்சா மட்டும் இன்னா? அப்பவும் நான்தான் கெலிப்பேன். வரச் சொல்லுடா உங்க வாத்தியார, வந்து பாக்கட்டும்."

முந்தின வாரம் ஒத்திகை நடந்தது. மறைப்புக்கு எங்கள் வீட்டுக் கோரைப்பாய் இரண்டு போயின. பெரிய எழுத்துச் சீட்டு மாமாவுடையது, சின்ன எழுத்து தாண்டவராயனுடையது என்று படிக்காதவர்களுக்கும் புரிகிறாற்போல அச்சடித்து வந்தது. வண்டியோட்டி ஏகாம்பரத்துக்கு மட்டும் சந்தேகம்.

"ரெண்டும் குடுக்கறீங்களே, நான் எதப் போடறது?"

"உனக்குப் புடிச்சதப் போடு" என்றார் மாமா.

"அதான், எனக்கு எது புடிக்குதுன்னு கேக்கறேன்."

மாமா பொறுமையாக விளக்கிவிட்டு, கடைசியில் ஊராரிடம் ஒன்று சொன்னார். "வெளியூரு மனுசன் வர்றாரு. ஊரு மானம் போவக் கூடாது. தாண்டவனையும் மதிச்சி நடந்துக்கணும், அவனும் வேட்பாளன்தான்." நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. அதுவே அவருக்கு வினையாகப் போயிற்று.

ப்ரொபசர் கடலூர் வழியாக ஏகாம்பரத்தின் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தார். எல்லைச் சாவடியில் அவர் பையைக் கொட்டிப் பார்த்து, இரண்டு புத்தகமும் ஒரு வெள்ளி டம்ளரும்தான் என்று ஏமாந்து விட்டார்களாம். பாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பகல் முழுக்க எழுதிக்கொண்டே இருந்தார். ஊரே குளித்து, துவைத்த வேட்டி கட்டி, ஒருவர் பின் ஒருவராக வந்தது. திருவிழாவுக்குக்கூட அப்படி வரிசையில் நின்றதில்லை.

என் முறையும் வந்தது. பாய்க்குப் பின்னால் கோரை வாசனையும் நானும் இரண்டு சீட்டும் மட்டும். மாமாவுக்கு என் ஓட்டு எதற்கு, அவர்தான் எப்படியும் ஜெயிக்கப் போகிறாரே என்று தோன்றியது. தாண்டவராயனை நினைத்தேன். இந்தத் தடவை மரியாதைப் பதினொன்று கிடையாது. பெட்டியைத் திறந்து, அவருக்கு ஒன்றுகூட இல்லை என்று வெளியூர் மனிதர் முன்னால் உரக்கப் படித்தால் பாவம், முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? சின்ன எழுத்துச் சீட்டை உறையில் வைத்தேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வெளியே வந்து மாமாவைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்தார்கள். முதல் சீட்டு தாண்டவராயன். இரண்டாவதும் அவரே. பத்து வரைக்கும் மாமா அவரைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தார். முப்பதில் கண்ணடிப்பது நின்றது. எழுபதில் தாண்டவராயன் எழுந்து நின்றுவிட்டார், வேர்வையில் வேட்டி தொடையோடு ஒட்டியிருந்தது.

"அண்ணே, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல."

தாண்டவராயனுக்கு இருநூற்றுப் பதினொன்று. மாமாவுக்கு முப்பத்தெட்டு.

ப்ரொபசர் இரண்டு பேர் கையையும் பிடித்துக் குலுக்கினார். "ஒரு சப்தம் இல்லை, ஒரு கல் விழவில்லை, ஆட்சி கைமாறுகிறது" என்றார். மறுவாரம் வகுப்பில் ஒரு மணி நேரம் எங்கள் ஊரைப் பற்றியே பேசினார். அந்தப் பரீட்சையில் நான்தான் முதல். என் வாழ்க்கையில் நான் முதலாக வந்தது அந்த ஒரு தடவைதான், அதைச் சொல்லிக்கொள்ளவும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் தாண்டவராயன் வெல்லப்பாகோடு வந்து, ராஜிநாமா எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினார். "சனங்க உனுக்குக் குடுத்தது. நான் வாங்கிக்க மாட்டேன்" என்று மாமா கதவைச் சாத்திக்கொண்டார். பாகு இலையிலேயே இறுகிப் போயிற்று. அதற்குப் பிறகு அந்த இருவரும் சீட்டாடவில்லை.

தாண்டவராயன் தவணை முடியும்வரை சபையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அடுத்த தேர்தலில் மாமாவும் நிற்கவில்லை, அவரும் நிற்கவில்லை. வேறு ஊர்த் தடியர்கள் வந்து பெட்டியை நிரப்பினார்கள். சீல் கூட ஒழுங்காக வைக்கவில்லை என்று மாமா வருத்தப்பட்டார்.

அதற்குள் ஊரில் ஒவ்வொருவராக அவரிடம் போய், "நான் உங்களுக்குத்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். முப்பத்தெட்டுக்குள் இருநூறு பேர் இடம் கேட்டார்கள். மாமா தலையாட்டிக்கொள்வார். இத்தனை பேருக்கு என்மேல் இவ்வளவு வெறுப்பு, அதை மறைக்க இவ்வளவு பொய் என்று முடிவு கட்டிக்கொண்டார். எதிரே யார் வந்தாலும் முகத்தை உற்றுப் பார்த்து, இவன் எதில் சேர்த்தி என்று யோசிப்பார். என் முகத்தை மட்டும் அப்படிப் பார்த்ததில்லை. யார் வீட்டுச் சண்டைக்கும் போவதை நிறுத்திவிட்டார்.

உண்மை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. ரயிலடிக்குப் போகும் வழியில் ஏகாம்பரம் மாட்டைத் தட்டிக்கொண்டே சொன்னான். "பாவமா இருந்திச்சி தம்பி. பெரியவருக்குத்தான் எல்லாரும் போடுவாங்களே, இந்தாளுக்கு ஒண்ணாவது வுழட்டுமேன்னு போட்டன்." அப்பாவும் அதையேதான் சொன்னார், யாரிடமும் சொல்லாதே என்ற நிபந்தனையோடு. இன்னும் எத்தனையோ பேர். தான் ஒருவன்தான் அப்படிச் செய்ததாக ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டிருந்தான். ஆனால் இதை மாமாவிடம் சொல்ல வேண்டுமானால், நானும் உங்களுக்குப் போடவில்லை என்று முதலில் சொல்லியாக வேண்டும். யாருக்கு வாய் வரும்?

தாண்டவராயன் மட்டும் ஒருநாள் ஆலைக்கொட்டகையில் என்னைக் கூப்பிட்டு, "அண்ணன் இன்னும் கோவமாத்தான் கீறாரா?" என்று கேட்டார். பிறகு, "அந்த முப்பத்தெட்டுல ஒண்ணு என்னுது தம்பி" என்றார். அந்த முப்பத்தெட்டில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஓட்டு அது ஒன்றுதான்.

இன்றைக்கு எல்லைச் சாவடி இருந்த இடத்தில் டீக்கடை இருக்கிறது. உறை கிடையாது, பெரிய எழுத்துச் சீட்டு கிடையாது. கரும்பாலையும் போய், மாமாவும் போய், தாண்டவராயனும் போய், அன்று பாய்க்குப் பின்னால் நின்றவர்களில் என்னைத் தவிர ஒருவரும் மிச்சமில்லை.

யாருக்கும் உங்கள்மேல் வெறுப்பில்லை மாமா, தாண்டவராயனைப் பார்த்துப் பாவப்பட்டோம், அவ்வளவுதான், நானும் சேர்த்துத்தான். அவர் இருந்த காலத்தில், இதைச் சொல்லிவிடுவது என்று அவர் வீட்டு வாசல்வரைக்கும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். என் செருப்புச் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து, "வாடா, என் மொதோ ஓட்டு" என்று கூப்பிட்டுவிடுவார்.