ஒன்பது பேர் என்றார் பாய்

டேப்லெட்டின் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. இரண்டு பதில்களும் பொருந்தவில்லை, திருத்தவும் என்றது. மொத்தத் தொழிலாளர்கள் ஒன்பது பேர். போன வாரம் வேலைக்கு வந்தவர்கள் நான்கு பேர். துணி வெட்டும் மேசைக்குப் பின்னால், கத்தரியைக் கீழே வைக்காமல் தையல் கடை முதலாளி பாய் காத்திருந்தார். "ஒம்போதுதாம்மா. மிசின் என்ன சொன்னாலும் ஒம்போதுதான்" என்றார்.

அப்போது நான் ஒரு பல்கலைக்கழக ஆய்வில் ஒப்பந்தக் களப்பணியாளர். இண்டூரிலிருந்து தினமும் பஸ் ஏறி தருமபுரிக்கு வருவேன். சிறுதொழில்கள் எத்தனை பேருக்கு வேலை தருகின்றன, வெளியூர்ச் சரக்கு வந்து சந்தை மாறும்போது அந்த வேலைகள் என்ன ஆகின்றன என்பதுதான் ஆய்வு. ஆண்டுக்கு ஒருமுறை அதே கடைகளுக்குப் போய் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். முதல் ஆண்டு பாயின் கடைக்குப் போனபோது ஒன்பது தையல் மிஷின்களும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. கேள்விகளைக் கத்தித்தான் கேட்டேன். பெங்களூரு வியாபாரி ஒருவருக்கு நைட்டி தைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். மறு ஆண்டுக்குள் அந்த வியாபாரி வடக்கேயிருந்து மலிவான சரக்கை வாங்க ஆரம்பித்துவிட்டார். ஐந்து மிஷின்கள் சும்மா நின்றன.

"அந்த அஞ்சு பேரும் இப்ப இல்லையே பாய்" என்றேன்.

"ஆர்டர் இல்லைன்னு வெளிய போயிருக்காங்க. வேலைய விட்டு நின்னுட்டாங்கன்னு யாரு சொன்னா? நீங்க பாட்டுக்கு கணக்குலேர்ந்து எடுத்துட்டா, திரும்பி வர்றப்ப அவங்க மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?"

வெளியே வந்து மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். நாலு என்று போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகச் சொன்னார். போட்டேன். சிவப்பு வரி மறைந்தது. பதில்களைப் படித்துக் காட்டச் சொல்லி பாய் கேட்டார், மறைக்காமல் படித்தேன். "நாலு" என்றபோது அவர் பார்வையைத் துணிக்குத் திருப்பினார். துணியை மடித்துப்போட்டு வெட்ட ஆரம்பித்தார். எனக்கு வரவழைத்த டீயை மட்டும் என் பக்கமாக நகர்த்தி வைத்தார். அதைக் குடிப்பது எனக்கு எளிதாக இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து, குறிப்பு எழுதும் இடத்தில் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி அனுப்பினேன்.

அந்தக் குறிப்பை யாராவது படிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆய்வை நடத்திய பேராசிரியை படித்திருந்தார். அந்த ஐந்து பேரில் ஒருவரையாவது பார்க்க வேண்டும் என்று அடுத்த வாரமே வந்துவிட்டார். அவர்களில் ஒருவரான, பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அக்கா பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, இருவரும் போனோம். மழை பெய்து ஓய்ந்த சேற்றில் உட்கார்ந்து, அந்த அக்கா தக்காளியைத் தரம் பிரித்துக் கூடைகளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று பேராசிரியை கேட்டார்.

"டெய்லர் கடையில காஜா எடுக்கறங்க."

"அப்ப இது?"

"இது ஆர்டர் வர்ற வரைக்குங்க. வாரத்துக்கு ஒருக்கா பாய் போன் பண்ணுவாரு. வூட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு கேப்பாரு. ஆர்டரப் பத்தி அவரும் பேசமாட்டாரு, நானும் கேக்கமாட்டேன்."

திரும்பும் வழியில் பேராசிரியை என் குறிப்பை மறுபடியும் எடுத்துப் படித்தார். பிறகு, "இவங்க வேற நல்ல வேலை தேடாம இருக்கறதுக்கும் அந்தப் போன்தான் காரணமா இருக்கலாம், இல்லையா?" என்றார். ஆனாலும் அடுத்த சுற்றுக்கான படிவத்தில், ஆர்டர் வந்தால் திரும்ப அழைக்கப்படப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு புதிய கேள்வி சேர்ந்திருந்தது. இன்று நான் புதிய களப்பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறேன். சிவப்பு வரி வந்தால் உடனே எண்ணை மாற்றாதீர்கள், எதிரே இருப்பவரிடம் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள் என்று சொல்லும்போதெல்லாம் என் காதில் பாயின் குரல்தான் கேட்கிறது.

மூன்றாம் ஆண்டு போனபோது பள்ளிச் சீருடை ஆர்டர் கிடைத்திருந்தது. கூடத்தில் பழைய சத்தம். காஜா அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் மட்டும் ஆள் இல்லை. அதில் முன்பு உட்கார்ந்திருந்த பெண் ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தாள். நான் யோசிக்காமல் ஒன்பது என்று போட்டேன். பழைய தவறை இப்படியாவது சரிசெய்யலாம் என்ற எண்ணம். புதிய கேள்விக்கு, திரும்பி வர வேண்டியவர் ஒருவர் என்று போடப்போனேன்.

பாய் கையை நீட்டித் தடுத்தார்.

"அந்தப் பொண்ணு வரமாட்டாம்மா. போன வாரந்தான் பேசுனேன். அங்க நிரந்தரம் பண்ணிட்டாங்களாம், பிஎஃப் எல்லாம் புடிக்கறாங்களாம். ஆர்டர் வந்திருக்குதுன்னு நான் அவகிட்ட சொல்லவேயில்ல. சொன்னா கெளம்பி வந்துருவா."

கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்த திரையை எட்டிப் பார்த்தார்.

"அவள எடுத்துருங்க. எட்டுன்னு எழுதுங்க."