நோகாத முனை

கிளென்ஃபீல்ட் சற்குணம் சூனியம் வைக்கிறார் என்று ஒக்லாந்தில், ஒடாஹுஹு காய்கறிக் கடையில் தமயந்தி அக்கா சொன்னபோது அவர் கையில் ஒரு முருங்கைக்காய் இருந்தது. அதை ஆட்டி ஆட்டிச் சொன்னதால் செய்திக்கு ஒரு அதிகாரம் வந்துவிட்டது. ஆதாரமில்லாமல் அக்கா பேசமாட்டார். ஆள் வாரம் இரண்டு பூசணிக்காய் வாங்குகிறாராம். அந்த வீட்டில் பூசணிக்காய் தின்பவர் எவருமில்லையாம். குப்பைத் தொட்டியில் துளை விழுந்து குங்குமம் வழிகிற பூசணிகள் கிடக்கின்றனவாம். போதாததற்கு, பூட்டிய கராஜுக்குள் இருந்து ‘தொப்’ என்று ஒரு சத்தம் வருமாம். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, “சீ, இடப்பக்கம் இழுக்குது” என்று ஒரு முனகல்.

நம்மூரில் கைவசம் ஒரு சூனியக்காரர் இருப்பது நல்லதுதான், மோர்ட்கேஜ் வட்டி விஷயமாகப் போய்ப் பார்க்கலாம் என்ற நல்லெண்ணத்தோடுதான் நான் கிளென்ஃபீல்டுக்குப் போனேன்.

சூனியம் இல்லை. அது அம்பு.

சற்குணத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கூரை ஒழுகினவர்கள், வேலி சரிந்தவர்கள் அனுப்பும் கோப்புகளைப் பார்த்து ‘கொடுக்கலாம்’, ‘கொடுக்கேலாது’ என்று முடிவெழுதுகிறார். நாளொன்றுக்கு நாற்பது கோப்பு. ஒரு கோப்புக்கு இரண்டாம் முறை யோசித்ததாக வரலாறு இல்லை. நான்கு வருடத்துக்கு முன் கூட வேலை செய்யும் கிரேக், ஏப்ரலில் ஆண்மான்கள் கத்தும் காலத்தில் தங்களோடு வில்வேட்டைக்கு வரும்படி கேட்டார். சற்குணம் வில்லை ஒரு மணித்தியாலத்தில் தெரிவு செய்தார். சப்பாத்தைப் பத்து நிமிடத்தில். இலைதழை அச்சடித்த சட்டையை மனைவி வசந்தமலரே மலிவு விற்பனையில் எடுத்துக் கொடுத்தார். மிச்சம் இருந்தது அம்பின் நுனியில் எந்த முனையைப் பூட்டுவது என்பது மட்டும்தான். அது இன்னும் மிச்சமாகவே இருக்கிறது.

முனைகளை அவர் வசந்தமலரின் பழைய அஞ்சறைப்பெட்டியில் வைத்திருக்கிறார். கடுகுக் கிண்ணத்தில் இரண்டு அலகு, அதாவது இரண்டு வெட்டுத் தகடு உள்ள முனைகள், சீரகத்தில் மூன்று அலகு, வெந்தயத்தில் மடங்கி விரிபவை. மஞ்சள் கிண்ணத்தில் இன்னும் மஞ்சள் வாசம் வருகிறது, அங்கே ‘சந்தேகத்துக்குரியவை’. இரண்டு அலகு ஆழமாகப் போகும், ஆனால் காயம் ஒடுக்கம். மூன்று அலகு அகலமாக வெட்டும், ஆனால் காற்று பட்டால் திசை மாறும். மடங்கி விரிவது, பறக்கும்போது நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு போய், மானில் பட்டவுடன் அலகை விரிக்கவேண்டும். அதில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

“ஒக்லாந்துக் காத்துக்குள்ள குடை விரிக்கிற மாதிரி, தம்பி. விரியும். எந்தப் பக்கம் எண்டு ஆர் சொல்லுறது?”

மானுக்குப் பதிலாகத்தான் பூசணி. இந்த நாட்டுச் சாம்பல் நிறப் பூசணியை வெட்டக் கோடரி வேண்டும் என்பது சமைத்தவர்களுக்குத் தெரியும்; அதன் தோலும் ஆண்மானின் தோள் எலும்பும் ஒரே சாதி என்பது சற்குணத்தின் கண்டுபிடிப்பு. அதற்கு மேலே ஆட்டுத்தோல் போர்த்தி, அதற்கும் மேலே வசந்தமலரின் பழைய நைலெக்ஸ் சேலையைச் சுற்றுவார். உள்ளே அம்பு போன வழி தெரியவேண்டும் என்று சிறு துளையிட்டுக் குங்குமத் தண்ணீர் ஊற்றுவார். எய்த பிறகு பிளந்து, பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்து, கொப்பியில் எழுதுவார். தமயந்தி அக்காவின் ஆதாரம் ஒவ்வொன்றும் உண்மை. தீர்ப்புத்தான் பிழை.

முனை எவ்வளவு கூர் என்று முன்கை மயிரை மழித்துப் பார்ப்பதால் அவருடைய இடக்கை முழங்கை வரை குழந்தையின் கைபோல வழுவழுப்பாக இருக்கிறது. வலக்கை காடு. கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது, இது எந்தச் சாமிக்கு நேர்த்தி என்று ஐயர் விசாரித்தாராம்.

செவ்வாய், வெள்ளி, சஷ்டி எல்லாம் சைவம். வெள்ளிக்கிழமை மான் வந்தால் என்ன செய்வாய் என்று கிரேக் கேட்டதற்கு, எய்யிறதுக்குக் கிழமை இல்லை, சாப்பிடுறதை சனிக்கிழமை பாப்பம் என்று பதில் சொல்லியிருக்கிறார். கிரேக் அதைக் குறித்து வைத்திருக்கிறாராம்.

நான்கு வருடமாக என்னதான் தேடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு முனையைத் துடைத்துக் கிண்ணத்தில் வைத்தார்.

“பட்டது அதுக்குத் தெரியக்கூடாது, தம்பி. புல்லைத் திண்டுகொண்டு நிக்குதெல்லே? திண்டுகொண்டே போயிடவேணும். நோகாத முனை ஒண்டு எங்கையோ இருக்கவேணும்.”

வேட்டைச் சாமான் கடைக்காரரிடமும் இதைக் கேட்டிருக்கிறார். அப்படி ஒன்று உலகத்தில் இல்லை, நல்ல கூராக வைத்துக்கொள், கிட்டப் போ, மனசில்லாவிட்டால் எய்யாதே என்று அவர் சொன்னாராம். அது நியாயமாகப் பட்டதால் சற்குணம் இன்னும் இரண்டு பெட்டி வாங்கிவந்தார்.

போன வருடம் மார்ச் வரை சோதனை பின்வளவில்தான் நடந்தது. ஒருநாள் மூன்று அலகு முனை இடப்பக்கம் இழுத்தது. வேலிப் பலகை இடுக்கால் புகுந்து, பக்கத்து வீட்டு மீனாட்சியின் பூசணியில் குத்தி நின்றது. மீனாட்சி மதுரைக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி ஐந்து மாதம் வளர்த்த ஒரே காய் அது. சத்தம் கேட்டு அவர் ஓடிவந்தபோது வேலிக்கு மேலே சற்குணத்தின் தலை தெரிந்தது. மன்னிப்புக் கேட்பதற்கு முன் அது கேட்ட முதல் கேள்வி இது:

“எவ்வளவு ஆழம் போயிருக்கு, தங்கச்சி?”

அன்றைக்கே வசந்தமலர், எய்வதானால் உள்ளே எய்யுங்கள் என்று வில்லைக் கராஜுக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினார். அடுத்த கிழமை புதுப் பூசணி வாங்கித் தருவதாக சற்குணம் வாக்குக் கொடுத்தார். அதன் பிறகு ஏறக்குறைய நூறு பூசணி வாங்கியிருக்கிறார். ஒன்றுகூட வேலியைத் தாண்டவில்லை. கடைக்குப் போகும்போது அது மீனாட்சியின் பூசணி. வீடு வந்து சேரும்போது மானாகிவிடுகிறது.

“பூசணிக்கா ஒண்ணும் பெரிசில்லண்ணே,” என்றார் மீனாட்சி என்னிடம். “தர்றேன்னு சொன்னாருல்ல, அதான்.”

நான்கு ஏப்ரல் இப்படிப் போனது. இந்த வருடம் கிரேக் கெடு வைத்தார். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி வரும், ஏறாவிட்டால் அந்த இடம் இனி என்றைக்கும் தன் மச்சானுக்கு. வசந்தமலரின் கெடு அதைவிடச் சுருக்கம்: “இந்த முறை போகேல்லையெண்டா வில்லை ஒன்லைன்ல வித்துப்போடுவன்.”

வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். நம்பமுடியவில்லை. இலைதழைச் சட்டை, நெற்றியில் திருநீறு. ஆறு அம்புகளிலும் ஒரே முனை பூட்டியிருந்தது: கடுகுக் கிண்ணத்து இரண்டு அலகு, கனமானது. முடிவாகிவிட்டது என்றார். வசந்தமலர் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். கிரேக் வந்தார், வில்லை வாங்கிப் பின்னால் வைத்தார், முன்கதவைத் திறந்து பிடித்தார். சற்குணம் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு வெளியே எடுத்தார்.

“கடனோட வேட்டைக்குப் போகக்கூடாது. அஞ்சு நிமிசம்.”

குசினி மேசையில் முதல்நாள் வாங்கிய பூசணி சேலை சுற்றாமல், குங்குமம் படாமல் இருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வேலிக்குப் போனார். வேலைக்குப் புறப்பட்டு நின்ற மீனாட்சி விஷயம் புரிந்து, சிரித்துக்கொண்டே இரு கைகளையும் வேலிக்கு மேலே நீட்டினார். சற்குணம் பூசணியை உயர்த்தினார். பாதி உயரத்தில் நிறுத்தினார். விரலால் ஒரு தட்டுத் தட்டினார். காதைக் கிட்டக் கொண்டுபோய் இன்னொரு தட்டு.

“இதின்ரை தோல் மற்றதுகளைவிடத் தடிப்பு, தங்கச்சி,” என்றார் மெதுவாக. “இரண்டு அலகு இதுக்குள்ள போகுமோ தெரியேல்லை.”

தெருவில் ஹோர்ன் சத்தம் கேட்டது. சற்குணம் பூசணியைத் திருப்பி, மானாக இருந்தால் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கவேண்டிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கட்டைவிரல் நகத்தால் சின்னதாக ஒரு பிறை கீறினார். பிறகு அதை மழித்த கைக்குள் இடுக்கிக்கொண்டு கராஜ் சாவிக்காகச் சட்டைப்பையைத் தடவினார். ஹோர்ன் மறுபடி கேட்டது. மீனாட்சியின் இரண்டு கைகளும் வேலிக்கு மேல் நீட்டியபடியே இருந்தன.