செத்த சிப்பும் ஜன்னல் கம்பியும்

என் மாடல் ரயிலுக்குப் புது கண்ட்ரோலர் இன்று வந்தேவிட்டது!

பழைய முறையில் தண்டவாளத்தில் கரண்ட் விட்டால் எல்லா எஞ்சினும் சேர்ந்து ஓடும். இதில் ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சிப். எதைக் கூப்பிடுகிறோமோ அது மட்டும் ஓடும்.

சிவப்பு எஞ்சினைப் பிரித்து அவசர அவசரமாகச் சிப்பைப் பொருத்தினேன். குமிழைத் திருப்பினேன். எஞ்சின் அசையவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியது.

அப்போதுதான் என் மனைவி செல்வி வேலை முடிந்து வந்தாள். பட்டாசு கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள்.

"பாலியஸ்டர் சட்டையப் போட்டுக்கிட்டா இதத் தொட்டீக?"

"இது என்ன மருந்தா, வெடிக்கிறதுக்கு?" என்றேன்.

ஜன்னல் கம்பியைத் தொட்டாள். கம்பெனியில் அறைக்குள் நுழையும் முன், துணி உரசி உடம்பில் சேர்ந்த கரண்ட் இறங்குவதற்காகச் செம்புத் தகட்டைத் தொடுவார்கள். அந்தப் பழக்கம். பிறகு நீல எஞ்சினில், கூடவே வந்திருந்த இரண்டாவது சிப்பை அவளே பொருத்தினாள்.

குமிழைத் திருப்பினேன். ஹாரன் அடித்தது! நிஜ ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புகிற மாதிரி அத்தனை மெதுவாக நகர்ந்தது. நிறுத்திய பிறகும் முகப்பு விளக்கு எரிந்தது! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அப்புறம்தான் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தேன். முதல் வரியே, 'சிப்பைத் தொடும் முன் ஏதேனும் உலோகத்தைத் தொடவும்; உடம்பில் சேர்ந்த மின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும்.'

"ஓடுறது எனக்கு, நிக்கிறது உங்களுக்கு" என்று செல்வி பங்கு பிரித்துவிட்டாள்.

யாரிடமாவது உபரியாக ஒரு சிப் இருந்தால் சொல்லுங்கள். பருத்திச் சட்டையில் வந்து, உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டே வாங்கிக்கொள்கிறேன்.