அன்னாசி போட்ட கசிப்பு

எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து கடலுக்குப் போக பஸ்ஸில் அரை நாள் வேண்டும். ஆனாலும் எங்கள் துரை பங்களாவில் ஒரு கடற்கரை இருக்கிறது. கொழும்பு ஆட்கள் பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து ஹோட்டல் ஆக்கினார்கள். நீச்சல் குளத்தைச் சுற்றி லொறி லொறியாக மணல் கொட்டினார்கள். கிடுகு வேய்ந்து ஒரு பார் கட்டி, மேலே கிளிப் படம் போட்ட பலகை மாட்டினார்கள். சுற்றிலும் ரப்பர் மரம், நடுவில் கரீபியன் கடற்கரை. அட்டை கடிக்கக் கடிக்க வெள்ளைக்காரர்கள் அந்த மணலில் படுத்துக் கிடக்கிறார்கள்.

அந்தப் பாரில் கலக்குகிறவன் என் தம்பி. தெற்கே கடலோர ஹோட்டல்களில் வேலை பழகியவன். பூப்போட்ட சட்டையும் ஓலைத் தொப்பியும்தான் சீருடை. வெள்ளை ரம், அன்னாசிச் சாறு, கெட்டித் தேங்காய்ப்பால், ஐஸ் எல்லாவற்றையும் நுரை வர அடித்து ஊற்றி, கிளாஸில் ஒரு காகிதக் குடையைக் குத்திக் கொடுப்பான். பினா கொலாடா என்று பெயர். ரம் கரும்புப் பாகிலிருந்து வருகிறது, அந்தக் கரீபியன் தீவுகளில் கரும்பு வெட்ட நம்மைப் போன்றவர்களையும் கப்பலில் கொண்டு போனார்கள் என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அவனிடம் சொல்லியிருக்கிறார்.

"அங்கயும் நம்ம ஆளுக இருக்காங்களாம்க்கா. கடக்கரையில கொட்டகை போட்டு, பாட்டப் போட்டு, வர்றவங்களுக்கு இதத்தான் கலக்கிக் குடுப்பாங்களாம். யாருக்கும் அவசரமே கெடையாதாம்."

"கரும்பு வெட்டுனவனுக்கு ஒரு கிளாஸ் குடுத்தாங்களாமா?"

"அத அந்தக் கெழவன் சொல்லலக்கா."

தீபாவளிக்குத் தம்பி எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்திருந்தான். என் புருஷன் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், வெள்ளக்காரனுக்கு மட்டுந்தான் கலக்குவியா? எங்களுக்கெல்லாம் வாய் இல்லியா?"

"ரம்முக்கு எங்க போறது மச்சான்?"

"கசிப்பு இருக்குல்ல."

எங்கள் ஆண்கள் கசிப்பு என்கிற கள்ளச் சாராயத்தைக் குடிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குவார்கள். உடனே முகம் கோணும். அச்சாறு ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைப்பார்கள். என் புருஷனுக்கு இரண்டாவது கிளாஸில் முகம் பிழிந்த துணி மாதிரி ஆகிவிடும். அதற்கு மேல் இறங்காது. சாப்பிட்டுப் படுத்து, விடியலில் எழுந்து ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார். லயத்துப் பெண்கள் எல்லோரும் புருஷன் முகத்தைப் பார்த்துத்தான் போத்தலை ஒளித்து வைப்போம். அந்தக் குடியை நான் வெறுத்தேன். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருந்தது. தொண்டை எரிந்து நிறுத்தியது.

தம்பி கசிப்பில் அன்னாசிச் சாறும் தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டு அடித்தான். டவுனில் மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்தார்கள். என் புருஷன் சிரித்துக்கொண்டே குடித்தார், முகம் கோணவே இல்லை. பக்கத்துக் காம்பரா அறைப் பெண், "ஜூஸ் மாதிரில்ல இருக்கு" என்று இன்னொரு கிளாஸ் கேட்டாள். நானும் ஒரு வாய் குடித்தேன். ருசியாக இருந்தது. எனக்குக் கோபம் வருவதே அதனால்தான், அந்தச் சனியன் ருசியாக இருந்தது.

கீழ் டிவிஷனில் கசிப்பு காய்ச்சுகிறவனும் அன்று வந்திருந்தான். எவ்வளவு சாறு, எவ்வளவு தேங்காய்ப்பால் என்று பக்குவமாகக் கேட்டான். தம்பியும் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தான்.

கொஞ்ச நாளில் அவன் சோடாப் போத்தல்களில் மஞ்சளாக அடைத்து விற்க ஆரம்பித்தான். பெயர் 'பீச்', பங்களாக் கடற்கரையை நினைத்து வைத்தது. வெறும் கசிப்பை வாங்க ஆளில்லாமல் போனது.

முன்பெல்லாம் புதுக் கசிப்பு வந்தால் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து முகர்ந்து பார்ப்பார்கள். கரண்டியில் கொஞ்சம் விட்டு நெருப்பு வைத்துச் சுவாலையைப் பார்ப்பார்கள். அது சரியான சோதனையோ இல்லையோ, வாசமோ சுவாலையோ பிடிக்காமல் கேனோடு சாக்கடைக் கானில் கொட்டியதை நான் பார்த்திருக்கிறேன். பீச்சில் அன்னாசி வாசந்தான் வந்தது. மேசை நாற்காலிக்குப் பாலிஷ் அடிக்கிற ஸ்பிரிட்டைக் காய்ச்சுகிறவன் வாங்கிப் போவதாக டவுனில் பேசிக்கொண்டார்கள். பஸ் நிற்கிற இடத்தில் அவனை மறித்தேன்.

"ஒன் பீச்சுல என்னத்தடா ஊத்துற?"

"ஏங்கிட்ட ஏன் கேக்குறீங்கக்கா? ஒங்க தம்பிதான் குரு. நான் வெறும் கோலயா, சிஷ்யப் புள்ள."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நேரே தம்பியிடம் போனேன்.

"இதுல நெருப்பு வச்சுப் பாக்க முடியுமாடா?"

"என்னக்கா நீங்க, ஜூஸுல யாராச்சும் நெருப்பு வைப்பாங்களா?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அன்று மாலையே வந்து என் புருஷனிடம் சொன்னான்.

"மச்சான், அந்த பீச்சக் குடிக்காதீங்க."

"நீ கலக்குனா அமிர்தம், அவன் கலக்குனா வெஷமா? ஒனக்குப் பொறாமடா."

மழை பிடித்தது. கீழ் லயத்தில் ஒருவர் இரவெல்லாம் வாந்தி எடுத்து, காலையில் செத்துப் போனார். நெஞ்சு வலி என்றார்கள். அவர் பீச் குடித்திருந்தார் என்று நான் சொன்னேன். யார்தான் குடிக்கவில்லை என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். சாவு வீட்டிலும் அதைத்தான் ஊற்றினார்கள். என் புருஷனும் போய்க் குடித்துவிட்டு வந்தார்.

அதற்கு அடுத்த நாள் மழை விட்டிருந்தது. நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். இத்தனை வருஷத்தில் ஒரு மரத்தையும் காயப்படுத்தாத கை அவருக்கு. அன்றைக்குக் கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் ஏறியிருந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே.

"என்னங்க இது? கங்காணி பாத்தா கொன்னுருவான்."

"பனி எறங்கிருச்சுல்ல புள்ள. வெட்டு எங்க போவுதுன்னே தெரியல."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பிக்கு ஆள் அனுப்பினேன். பூச்சட்டையோடு ஓடி வந்தான். ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நேற்று என்ன குடித்தாய் என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார்.

"அன்னாசி ஜூஸ், மஹத்தயா" என்றார் என் புருஷன். கண் தெரியாத நேரத்திலும் பொலிசுக்குப் பயம்.

டாக்டர் தம்பியைப் பார்த்தார். கலந்து பழக்கிவிட்டது அவன்தான் என்று தெரிந்தால் அவன் வேலை போய்விடும். அவன் தரையைப் பார்த்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அங்கேயே அறைந்திருப்பேன்.

"கசிப்பு" என்று கத்தினேன். "ஸ்பிரிட் ஊத்துன கசிப்பு. ஜூஸ் போட்டு மறைச்சு விக்கிறாங்க. இவன் சொல்லிக் குடுத்தான், இவரு குடிச்சாரு."

டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. தாதியைக் கூப்பிட்டு அவசரமாக ஏதோ சொன்னார். ஊசி ஏற்றினார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வேறு யார் குடித்தது?"

"சாவு வீட்டுக்கு வந்த எல்லாரும்."

தம்பி போனை எடுத்துத் தோட்டத்துக்கு அடிக்க ஆரம்பித்தான். யாரும் எடுக்கவில்லை. என் புருஷன் என் கையைத் தேடிப் பிடித்து, லைட்டைப் போடச் சொன்னார். ஆஸ்பத்திரி வாட்டில் எல்லா லைட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன. பக்கத்துக் கட்டில்கள் இரண்டும் காலியாகக் கிடந்தன. அன்று மாலையாவதற்குள் இரண்டிலும் எங்கள் தோட்டத்து ஆட்களைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். வாசலில் இன்னொரு ஆட்டோ வந்து நின்றது.