கம்ப்யூட்டருக்கு வாங்கிய நெயில் பாலிஷ்

சின்ன மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நெடி வந்ததும் எனக்குக் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஏற்காடு கடைவீதியில் ரேடியோ, டிவி, ஸ்டெபிலைசர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். படித்தது ஐந்தாவது வரைக்கும். ஆட்களிடம் பேசுவதென்றால் கூச்சம். பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டால் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்றுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேனோ என்னவோ. வோல்டேஜ் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சீசனில் சாயங்காலம் லாட்ஜுகளில் ஹீட்டர் போட்டதும் இறங்கும். டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கிக் கைக்குட்டை அளவுக்கு வந்து நிற்கும். மறுநாள் எனக்கு வேலை வரும்.

பக்கத்துக் கடை செல்வராசு அண்ணனின் போட்டோ ஸ்டுடியோ. கல்யாண வீடியோவும் எடுப்பார். கேசட்டின் ஆரம்பத்தில் பெண், மாப்பிள்ளை பெயர் ஓட, சுற்றிலும் ரோஜாப்பூ பறக்க, மூன்று நிமிடம் டைட்டில் போடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அந்த மூன்று நிமிடத்தைச் செய்து முடிக்க அது ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சேலத்தில் கம்ப்யூட்டர் கடையில் இருந்த அவருடைய மச்சான் ஒருநாள் வந்து, முன்னூறு வேகத்தில் ஓட வேண்டிய அதன் மூளையை நானூற்றைம்பதில் ஓடும்படி மாற்றிவைத்துவிட்டுப் போனார். இனி நாலு மணி நேரம் போதும் என்றார். போதும்தான், பாதி வழியில் உறைந்து நிற்காமல் இருந்தால்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் மாரமங்கலத்திலிருந்து வெள்ளையம்மா என்ற பெண் ஸ்டுடியோவுக்கு வந்தாள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவர்.

"அண்ணா, அவருக்கு லீவு முடிஞ்சுதுங்க. நாலு மணி பஸ்ஸுக்குப் போறாரு. கேசட்ட கேம்ப்புல போட்டுக் காட்டோணும்னு நொம்ப ஆசப்படறாரு."

"கேசட் ரெடி கண்ணு. முன்னால மூணு நிமிசம் டைட்டிலுக்கு எடம் உட்டு வெச்சிருக்கறன். அது மட்டுந்தான் பாக்கி."

"பேரு ஓடாம கொண்டுட்டுப் போனா, எவன் கல்யாணத்தயோ திருடிட்டு வந்துட்டான்னு சொல்லுவாங்களாமுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பத்து மணிக்குள் இரண்டு தடவை அந்தப் பெட்டி ரோஜாப்பூவை அந்தரத்தில் நிறுத்திவிட்டுச் செத்துப்போனது. பழைய வேகத்துக்கு மாற்றினால் நிற்காது. ஆனால் முடிவதற்குள் பஸ் கிளம்பியிருக்கும். அண்ணன் என்னைக் கூப்பிட்டார். எஸ்டிடி பூத்திலிருந்து மச்சானிடம் பேசினோம்.

"வேகமா ஓடறதுக்கு அதுக்குப் பவர் பத்தலீங்க. மூளை இருக்கற அட்டைய உருவிப் பாருங்க, அடியில தங்கக் கலர்ல பட்டை பட்டையா இருக்கும். அதுல மூணு பட்டை மேல நெயில் பாலிஷ் தடவுங்க. ரெண்டு வோல்ட்டு ரெண்டேகாலுக்குக் கிட்ட வரும். ஆனா மூணும் மறையோணும். ஒண்ணு உட்டுப்போனாலும் மூணு வோல்ட்டு ஏறீரும், மூளை கருகிப்போயிருமுங்க."

எந்தப் பக்கம், ஓரத்திலிருந்து எத்தனையாவது பட்டை என்று அவர் சொல்லச் சொல்ல உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். எனக்குக் கருகிவிடும் என்ற பயத்தைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. டார்ச் லைட்டுக்கே இரண்டு பேட்டரிக் கட்டை போட்டால் மூன்று வோல்ட். அதைவிடக் குறைந்த மின்சாரத்திலா இத்தனை பூ பறக்கிறது? அதுவும், எத்தனை வோல்ட் வேண்டும் என்று அட்டை செருகியிருக்கிற போர்டு கேட்குமாம், மூளை அந்தப் பட்டைகளால் பதில் சொல்லுமாம். பந்தியில் வாய் திறக்காமல் விரலைக் காட்டி இவ்வளவு போதும் என்கிற ஆளைப் போல. அவன் விரலில் மூன்றை நாம் மறைத்துவிட வேண்டும். பரிமாறுகிறவன் ஏமாந்து இன்னொரு கரண்டி வைப்பான்.

நெயில் பாலிஷ் வாங்கப் போனதுதான் அன்றைக்குப் பெரிய சோதனை. ஃபேன்சி ஸ்டோரில் சரோசா அக்காவைச் சுற்றி நாலைந்து பெண்கள்.

"யாருக்குச் சாமி? சொல்லாமக் கொள்ளாம பொண்ணு பாத்துட்டயா?"

"இல்லீங்கக்கா. கம்ப்யூட்டருக்குங்க."

"அதுக்கு நெயில் பாலிஷ் மட்டும் போதுமா, வளையலு வேண்டாமா?"

கடையே சிரித்தது. கையில் கிடைத்த சிவப்புக் குப்பியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். அந்த வாரம் முழுக்க டீக்கடையில் எனக்குப் பெண் ஊர் எது என்று விசாரணை நடந்தது.

மூன்று பட்டைக்கும் தடவினேன். பத்து நிமிடம் பொறுத்து அட்டையைச் செருகினேன். சுவிட்சில் கை வைத்தவன், என்னவோ தோன்ற, மறுபடி உருவிப் பார்த்தேன். பட்டை ஒன்றில் பூச்சு வழித்துக்கொண்டு போயிருந்தது. வெளியே இருந்த மேகம் கடைக்குள்ளேயே வந்து நிற்கிற மாதிரி ஈரம். அதில் எங்கே காயும்? வழித்துத் துடைத்துவிட்டு மறுபடி தடவினேன். அண்ணன் கல்யாண வீட்டில் பிடிக்கிற பெரிய வீடியோ லைட்டைப் போட்டு எட்ட நின்று காட்டினார். வெள்ளையம்மாவும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து கையை நீட்டிக் குளிர் காய்ந்தாள்.

நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுச் செருகினேன். போர்டில் மீட்டரின் முனையை வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடச் சொன்னேன். முள் இரண்டைத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றது. மேலே ஏறவில்லை. மணி பதினொன்று. மூன்று மணி வரைக்கும் மூன்று பேரும் டீ குடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பூ நிற்கவில்லை. கேசட் நாலு மணி பஸ்ஸில் போனது.

பல வருடம் கழித்து, ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை வந்த பிறகு, வெள்ளையம்மா அந்தக் கேசட்டைச் சீடியாக்க என்னிடம் கொண்டுவந்தாள். மலை ஈரத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. சுருளின் மேல் சுற்றுத்தான் மோசம். ஆரம்பம் இருப்பது அங்கேதான். மெதுவாகத் துடைத்து ஓட்டினேன். முதல் மூன்று நிமிடம் வெறும் புள்ளி.

"இந்த எடத்துல என்னமோ இருந்துச்சுங்களே, அண்ணா?"

"பேரு ஓடுமுங்க. ரோஜாப்பூ பறக்கும்."

"அட, அதுங்களா? போனாப் போகுது உடுங்க. எங்கப்பா வந்துட்டாரு பாருங்க."

அவள் அப்பா போய்ச் சேர்ந்து அப்போதே நாலு வருடமாகியிருந்தது. அந்தச் சீடி இப்போது அவரிலிருந்துதான் தொடங்குகிறது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, காமிராவுக்குப் பயந்து, வேறெங்கோ பார்க்கிறார்.