யாருமில்லாத துறை

இதை நம்புங்கள் என்று யாரையும் நான் கேட்கப் போவதில்லை. ஆனால் நடந்தது. என்னோடு சுகந்தா அண்ணியும் பார்த்தார்.

மும்பைத் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் மீனவக் குடியிருப்பான கோளிவாடாவின் படகுத்துறையைக் கேட்டு ஒரு கிடங்கு நிறுவனம் வழக்குப் போட்டிருந்தது. அங்கே இப்போது மீனவர்கள் யாரும் வருவதில்லை என்பது அவர்கள் வாதம். அந்தச் சமயத்தில்தான் கர்ணிக் வந்தார். மாறிவரும் நகரத்தைப் படமெடுக்கும் கலைஞர். ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் வீடுகளில் அரிசி ரொட்டியும் பொம்பில் மீன் வறுவலும் சாப்பிட்டார். உங்கள் துறையை உலகம் பார்க்கும், கோர்ட்டும் பார்க்கும் என்றார். நம்பினோம்.

படமெடுத்த அன்று குடியிருப்பே துறைக்கு வந்தது. முக்காலியில் பெரிய பெட்டிக் கேமரா. லென்ஸ் நான்கு நிமிடம் திறந்திருக்கும் என்றார்.

"கேமராவைப் பாக்காதீங்க, நிக்காதீங்க. உங்க வேலையா நடந்துகிட்டே இருங்க."

கூடையும் வலையுமாகப் போனோம், வந்தோம். என் கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு நடக்கலடா என்று அண்ணி அலுத்துக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து நகரத்தில் கண்காட்சி. மழை பெய்த ஒரு மதியம் அண்ணியும் நானும் போனோம். உள்ளறையில் சுவரளவு படம். துறை, படகுகள், மீன் காயும் மூங்கில் பந்தல்.

எங்களில் ஒருவர்கூட இல்லை.

கீழே தலைப்பு: 'யாருமில்லாத துறை'. அதற்கும் கீழே, பொருளுதவி என்று அந்த நிறுவனத்தின் பெயர்.

தோளில் கேமராப் பையோடு கர்ணிக் வந்து பக்கத்தில் நின்றார். ஏன் என்று கேட்டேன்.

"அவ்வளவு நேரம் திறந்து வச்சா நடக்கிறவங்க படத்துல விழ மாட்டாங்க. அசையாம நிக்கிறதுதான் விழும்."

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

அண்ணி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க வீட்டுச் சோத்தத் தின்னியே தம்பி. இப்ப நீ போய் அங்க நில்லு."

அவர் சிரித்தார்.

அப்போதுதான் அந்த வாடை. குளிரூட்டிய அறையில்... கருவாடு.

சொட்... சொட்... எங்கோ தண்ணீர்.

துறையின் கோடியில் ஒரு கறுப்புப் புள்ளி. முன்பு இல்லை.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன்.

புள்ளிக்குத் தோள் இருந்தது.

"அண்ணி..."

"பாத்துட்டேன். பேசாத."

தலை. முதுகு. தோளில் கேமராப் பை.

சிரிப்பு எப்போது நின்றது?

திரும்பினேன்.

கர்ணிக் இல்லை.

அவர் நின்ற இடத்தில் தரை ஈரம். ஒரே வாசல். யாரும் வெளியே வரவில்லை என்றார் காவலாளி.

ஆளில்லாத பழைய பிரதி ஒன்று கோர்ட்டில் ஏற்கெனவே இருந்தது. அதை வைத்தே நிறுவனம் ஜெயித்தது. துறைக்கு வேலி விழுந்தது.

அடுத்த மாதம் கர்ணிக்கைத் தேடி இன்ஸ்பெக்டர் வந்தார். படமெடுத்த வாரமே நெகட்டிவை நிறுவனம் வாங்கித் தன் பெட்டகத்தில் பூட்டிவிட்டதாம். இப்போதுதான் திறந்து புதுப் பிரதி எடுத்திருக்கிறார்கள். அதை நீட்டினார்.

துறைக்கோடியில் அதே ஆள். இதில் முகம் எங்கள் பக்கம். வாய் திறந்திருந்தது. உயர்த்திய கையின் விரல்கள்கூடக் கலங்காமல் விழுந்திருந்தன... நான்கு நிமிடம் துளியும் அசையாதவனைப் போல.

"இது கர்ணிக்தான். அப்ப படத்த எடுத்தது யாரு? அன்னைக்கு அங்க யார் யார் இருந்தீங்க?"

நான் பேச வாயெடுத்தேன். அண்ணி என் கையை அழுத்தினார்.

"யாருமே இல்லீங்க சார். படத்துலயே எழுதியிருக்கே."