தண்டலின் முடியும் மாப்பிள்ளைக் கோட்டும்

தையல் தொழிலில் அளவு தப்பினால் பிரித்துத் தைக்கலாம், சாயம் போனால் கடைக்காரர் மேல் பழியைப் போடலாம், ஆனால் தைத்துக் கொடுத்த துணியில் பூனை முடி இருந்தால் வாயைத் திறக்க வழியே கிடையாது. பூனையையும் வைத்துக்கொண்டு அதே வீட்டில் நல்ல துணியும் வைத்திருக்கிறவர்களுக்கு என் பாடு புரியும். சோற்றில், தலையணையில், மூக்குக் கண்ணாடியில் என்று நீங்கள் எடுத்ததைத்தான் நானும் எடுத்தேன். ஒரே வித்தியாசம், என் வீட்டு முடி ஊரார் முதுகில் ஏறிக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போனது.

இது எழுபதுகளில் நடந்தது. தூத்துக்குடிக் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. முன்னறையில் தையல் மிஷின். வீட்டுக்காரர் கொழும்புக்குப் போகிற தோணியில் வேலை பார்த்தார், பாதி வருஷம் கடலில் இருப்பார். அடுப்பு எரிய வேண்டுமென்றால் மிஷின் ஓட வேண்டும்.

தண்டல் வந்த வழி

பின்பக்கம் முழுக்க வெங்காய மூட்டை அடுக்குகிற கிட்டங்கி. அங்கிருந்து வந்த எலிகள், டீச்சர் ஒருவர் ரவிக்கைக்குக் கொடுத்திருந்த பட்டுத் துணியைக் கடித்துக் குதறிவிட்டன. மாற்றுத் துணி வாங்கித் தைத்துக் கொடுக்கிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுத்தான் அவரை அனுப்பினேன். அடுத்த நடை வந்த வீட்டுக்காரர் தோணியிலிருந்தே ஒரு பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கறுப்பும் வெள்ளையுமாகத் தடித்த கடுவன். தோணியை நடத்துகிற தலைவனைத் தண்டல் என்பார்கள். இதுவும் பாய்மரத்தடியில் உட்கார்ந்து எல்லாரையும் அதிகாரமாகப் பார்க்குமாம், அதனால் ஆட்கள் இதற்கும் தண்டல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

எலி ஒழிந்தது. முடி வந்தது. கறுப்புத் துணியில் வெள்ளை முடியையும் வெள்ளைத் துணியில் கறுப்பு முடியையும் எப்படித்தான் பார்த்துப் பார்த்து உதிர்க்குமோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. டீச்சர் புது ரவிக்கையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலி தின்னதுக்கு மாத்துத் துணி குடுத்த, சரி. இந்த முடியை இனிமே யாரு வந்து தின்னணும்?"

யார் பாவம்

பூனையை விரட்டினால் எலி திரும்பி வரும், முடியை விட்டால் ஆட்கள் திரும்பி வரமாட்டார்கள். அதனால் பூனையும் இருக்கும், தையலும் நடக்கும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்கு முதல் அடி ஒரு புதுநன்மை உடுப்பில் விழுந்தது. முதல் தடவை நற்கருணை வாங்குகிற சிறுமிக்கு, தலைமுதல் கால்வரை வெள்ளையாக, சுருக்கு வைத்த கவுன். தைத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக் கொடுத்தேன். தேய்க்கிறபோது இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் முடி மாட்டினால் அது துணியோடு பதிந்துபோகும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

புதுநன்மை வாங்குகிறதற்கு முந்தின நாள் பிள்ளைகள் எல்லாம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். இந்தப் பிள்ளை தன் பாவங்களோடு உடுப்பில் இருந்த பூனை முடியையும் சேர்த்துச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் பூசை முடிந்து என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அது என் பாவம் இல்லைன்னு சாமி சொல்லிட்டாவ அத்தை. தச்சவுகதான் வந்து சொல்லணுமாம்."

அளவெடுத்த சட்டை

சமையல்காரிக்கு இந்த யோசனை வந்திருக்காது, டீச்சருக்கும் வந்திருக்காது. தையல்காரிக்குத்தான் வரும். முடி பூனையிலிருந்துதானே உதிர்கிறது, பூனைக்கே ஒரு சட்டை தைத்து மாட்டிவிட்டால் என்ன? வெட்டி மிஞ்சிய பாப்ளின் துணியில், கழுத்துக்கும் வயிற்றுக்கும் நாடா வைத்து, முன்னங்கால் இரண்டுக்கும் கை வைத்து நேர்த்தியாகவே தைத்தேன். அளவெடுக்கிறபோது என் கையில் விழுந்த கீறல்களைப் பற்றி இங்கே பேசவில்லை.

சட்டை மாட்டியதும் தண்டல் அப்படியே சாய்ந்து படுத்துக்கொண்டது. செத்துவிட்டதோ என்று பயந்துபோனேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, நேரே வாசலுக்குப் போய், ஜாக்கெட் வாங்க வந்திருந்த மீன்காரி அமலி முன்னால் நின்றது. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"எங்களுக்கெல்லாம் கக்கத்துல பிடிக்கிற மாரி தச்சுப்புட்டு, பூனைக்கு மட்டும் இம்புட்டு அளவா தச்சிருக்கியே பிலோமி."

காலரில் வந்தது

காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; எல்லாரும் அப்படிக் கூப்பிடுவதால் நானும் காக்கா என்றே கூப்பிடுவேன். வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய டெரிலின் துணியைச் சட்டைக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் டெரிலின் சட்டை போட்டவரைத் திரும்பிப் பார்க்காத ஆள் கிடையாது. ஆனால் அந்தத் துணியின் குணம் எனக்குத்தான் தெரியும். பருத்தியில் முடி விழுந்தால் உதறினால் போய்விடும். டெரிலின், பக்கத்தில் பறக்கிற முடியையும் கூப்பிட்டு ஒட்டவைத்துக்கொள்ளும். உதற உதறக் கூடுமே தவிரக் குறையாது.

காக்கா கோபப்படுகிற மனிதர் இல்லை. சட்டையை மடியில் விரித்து ஒவ்வொரு முடியாக எடுத்துக்கொண்டே, காலடியில் வந்து உரசிய தண்டலின் தலையையும் தடவிக் கொடுத்தார். இவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று நான் நிம்மதியாக இருந்தபோது மெதுவாகச் சொன்னார்.

"பூனை இருக்குற வீட்டுல அல்லாவோட பரக்கத்து இருக்கும்மா. அந்தப் பரக்கத்தை என் காலர்லயும் வச்சுத் தைக்கணும்னு இல்லை."

பஞ்சர் ஆகிற வீடு

அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே ரோஷம் வந்தது. ஒரு பூனை உதிர்க்கிறதை ஒரு மனுஷியால் எடுக்க முடியாதா? ஈரக் கையால் துடைத்துப் பார்த்தேன், மைதாப் பசை தடவிய காகிதத்தால் ஒற்றிப் பார்த்தேன், பேன்சீப்பால் பூனையையே வாரிப் பார்த்தேன். கடைசியில் கைகொடுத்தது பழைய சைக்கிள் டியூப். ஒரு சாண் நீளம் வெட்டி, லேசாக ஈரம் தொட்டு, ஒரே பக்கமாக இழுத்தால் முடியெல்லாம் சுருண்டு கையோடு வந்துவிடும். எதிர்ப் பக்கமாகத் தேய்த்தால் மறுபடியும் பரவும். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் உதவும்.

அதன் பிறகு வீட்டில் சட்டம் போட்டேன். தரையை ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் துணியை விரிப்பது. வெட்டின துணி தகரப்பெட்டிக்குள்ளே. தேய்க்கும் முன் டியூப், தேய்த்த பின் டியூப். ரப்பர் தேயத் தேய, மூலையில் இருந்த சைக்கிள் கடைக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. கடைக்கார அண்ணாச்சி கேட்காமலே டியூபை எடுத்து நீட்டுகிற அளவுக்குப் பழகிவிட்டது. ஒரு நாள் அவருக்கும் பொறுக்கவில்லை.

"யம்மா, உங்க வீட்டுல சைக்கிளே கிடையாது. பஞ்சர் மட்டும் எப்படி இத்தனை விழுது?"

ரெஜினாக்காவின் நிபந்தனை

எங்கள் சந்தில் ரெஜினாக்கா சொன்னால் சொன்னதுதான். அவள் என்னிடம் தைத்தால் சந்தே என்னிடம் தைக்கும், அவள் நிறுத்தினால் சந்தே நிறுத்தும். அவள் மகன் சேவியர், துறைமுகத்தில் கிளார்க், தருவைகுளத்துப் பெண் ஜெசிந்தாவைக் கட்டப்போகிறான். மாப்பிள்ளைக்குக் கறுப்புக் கோட்டு. எனக்குக் கோட்டுத் தையல் அப்பா சொல்லிக்கொடுத்தது. ஊரில் ஒரு பெண் தைக்கிற கோட்டு என்றால் அது என்னுடையதுதான். ஆனாலும் ரெஜினாக்கா துணியைக் கையைவிட்டுக் கொடுக்காமல், மிஷின் மேல் படுத்திருந்த தண்டலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பூனை என்றாலே ஆகாது.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. "இந்தக் கோட்டுல ஒரு முடி கெடந்தாலும், அந்தப் பூனையைத் தோணியிலயே திருப்பி அனுப்பிடுதேன்க்கா" என்றேன். சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டேன். பூனை போனால் எலி வரும். பூனை இருந்து பேர் கெட்டாலும் பிழைப்பு போகும். ரெஜினாக்கா துணியை என் கையில் வைத்தாள்.

"முடி மட்டும் கெடக்கட்டும், தோணி வாரது வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டேன், பாத்துக்க."

தருவைகுளத்தில் ஒரு செவலை

அந்தக் கோட்டை நான் குழந்தையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். தைக்கிற நேரம் தவிரத் தகரப்பெட்டியை விட்டு அது வெளியே வரவில்லை. தண்டலைப் பின்கட்டில் கட்டிப்போட்டேன், அது கத்தின கத்தலுக்கும் இரங்கவில்லை. வாசலில் வெயிலில் விரித்து, ரெஜினாக்காவே கண்ணாடி போட்டுக்கொண்டு, உள்பையைப் பிதுக்கி, கைமடிப்பைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கோட்டை மடித்து வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்குள் மணப்பெண் ரவிக்கையை அளவு பார்க்கத் தருவைகுளம் போய்வந்தேன். ஜெசிந்தா மடியில் செம்பட்டை நிறத்தில் ஒரு செவலைப் பூனை. குட்டியிலிருந்து அவள் வளர்த்தது. நான் ஊசி குத்தக் குத்த, அவள் அதையே தடவிக்கொண்டிருந்தாள். கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் வெளியே வரும்போது கண்கலங்கி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மாமியா வீட்டுக்கு இதைக் கொண்டாரக் கூடாதாமேக்கா, மெய்யாவா?"

செம்பட்டை முடி

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் ரெஜினாக்கா கோட்டோடு வந்து நின்றாள். பின்னால் சேவியர். கோட்டின் நெஞ்சுப் பக்கத்தில் முடி. ஒன்றல்ல, ஒரு கொத்து. கோட்டை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினேன். குனிந்து பார்த்தேன், முடி செம்பட்டை நிறம்.

என் பூனை முடி இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது சேவியர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஈயாடவில்லை. கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை மூன்றாம் தடவை வாசித்த பிறகு தாலி கட்டும்வரை மாப்பிள்ளை பெண் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்பது ரெஜினாக்கா வீட்டுக் கட்டுப்பாடு. இந்தப் பயல் கோட்டைப் போட்டுக்காட்டத் தருவைகுளத்துக்கே போயிருக்கிறான். உண்மையைச் சொன்னால் என் பூனையும் பேரும் தப்பும். ஆனால் வருகிற பெண், வாசல்படி ஏறும் முன்னேயே மாமியார் வாயில் விழுவாள். என்ன செய்ய, அந்தப் பிள்ளை கண்கலங்கி நின்றது என் மனசை விட்டுப் போகவில்லை.

"ஏளா, உன் பூனை கறுப்பும் வெள்ளையும்லா? இது செம்பட்டையா இருக்கே" என்று ரெஜினாக்காவே கேட்டாள்.

"புதுசா ஒரு செவலை வந்து ஒண்டியிருக்குக்கா. நான் கவனிக்கல. எந்தப் பூனை முடியோ அந்தப் பூனையை இன்னைக்கே அனுப்பிடுதேன். தண்டல் ஒண்ணும் செய்யலலா?" என்றேன். சொல்லிக்கொண்டே டியூபை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தேன், கோட்டு சுத்தம். ரெஜினாக்கா கோட்டை வாங்கி மடித்துக்கொண்டாள். நியாயம் என்று வந்துவிட்டால் அவள் பிசகமாட்டாள். ஆனால் போகும்போது அவள் சொன்னதைக் கேட்டு நானும் சேவியரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"அனுப்பிடுதேன்னு எங்கயும் விட்டுறாத. கல்யாணத்துக்கு இறக்குன அரிசி மூட்டையெல்லாம் எலி ஓட்டை போட்டுட்டு. கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட கெடக்கட்டும், சாயந்தரம் கொண்டாந்து விடு."

செவலை போன இடம்

இல்லாத பூனையை எங்கே போய்ப் பிடிப்பது? இருக்கிற செவலை ஒன்றுதான். சேவியர் கடன்வாங்கிய சைக்கிளில் மறுபடியும் தருவைகுளத்துக்கு ஓடினான், இந்தத் தடவை கோட்டு இல்லாமல். பையில் சுற்றிக் கொண்டுவந்த பூனையை நான் வாங்கி, என் வீட்டில் ஒண்டியிருந்த பூனை இதுதான் என்று ரெஜினாக்கா கையில் கொடுத்தேன். போகும்போது ஒரு முழம் டியூபும் கொடுத்து, ஒரே பக்கமாக இழுக்க வேண்டும் என்று செய்தும் காட்டினேன்.

மறுநாள் பூசை முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். ஜெசிந்தா வலதுகால் எடுத்து வைத்ததும், அரிசி மூட்டை மேல் இருந்த செவலை குதித்து ஓடிவந்து, வெள்ளைப் பட்டுச் சேலையில் முகத்தை முகத்தைத் தேய்த்தது. அந்தப் பிள்ளை குனிந்து வாரி எடுத்துக்கொண்டு அழுதேவிட்டது. சேலை முழுக்கச் செம்பட்டை முடி. சேவியர் மேலே உத்திரத்தைப் பார்த்தான். ரெஜினாக்கா கூடியிருந்தவர்களை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு பெருமையாகச் சொன்னாள்.

"நேத்து வந்த பூனை, எவரையும் கிட்ட விடல. இவளைப் பாத்ததும் எப்படி ஒட்டிக்கிட்டு பாத்தியளா? நல்ல மனசு உள்ள பிள்ளைன்னு வாயில்லாத சீவனுக்குத் தெரியுது. பிலோமி, அந்த டியூபை எடுளா."

ஆக, ஒரு வீட்டுப் பூனை முடியை ஒழித்தே தீருவேன் என்று கிளம்பிய நான் அதை இரண்டாவது வீட்டிலும் குடியேற்றிவிட்டு, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து டியூப் வாங்கிக்கொண்டிருந்தேன்.